ரோல் முழுக்கக் கால்கள்

மகளின் பாஸ்போர்ட் சைஸ் படம் வாங்க ஆர்.எஸ்.புரம் ஸ்டூடியோவில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் கையடக்கக் கேமராவோடு ஒரு பெண்.

“ஏனுங்க அம்மணி, பொதுக்கூட்டம்னீங்க. பிலிம் ரோல் பூராவும் காலும் செருப்புமா இருக்குது?” என்றார் கடைக்காரர்.

“கூட்டம் முடியறப்ப கரண்ட் போயிருச்சுங்க. சனம் முண்டியடிக்குது, வழியில சாக்கடைக் குழி. பிளாஷ் அடிச்சாத்தான் குழிமேல போட்ட பலகை தெரிஞ்சுதுங்க. முப்பத்தாறையும் அடிச்சுப்போட்டேன்.”

“கூட்டத்தை எடுக்கச் சொன்ன கட்சிக்காரங்க வைவாங்களே?”

“வையட்டுங்க. ஒருத்தரும் குழியில உழுகலீங்கல்ல!”

கடைக்காரர் படங்களை மேசையில் பரப்பினார். அந்தக் கூட்டத்திலிருந்துதான் என் மகள் ஒற்றை நீலச் செருப்போடு வீடு வந்திருந்தாள். ஒரு படத்தில், பலகையின் நடுவில், ஒரு வெறுங்காலும் ஒரு நீலச் செருப்பும் இருந்தன.