கூப்பிட ஆள் வரவில்லை

நல்லம்பள்ளியில் பஸ் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்த இரண்டு பெண்களில் மூத்தவள், "மேரி, நேத்து எங்க ஆபீஸ் புதுக் கம்ப்யூட்டர் தானாவே வேலைய ஆரம்பிச்சுடுச்சு" என்றாள். அதற்குப் பிறகு நான் பேப்பரைப் பிடித்திருந்தேனே தவிர படிக்கவில்லை.

கைக்குழந்தையை மடியில் வைத்திருந்த மேரி, "எப்படிங்க அண்ணி?" என்றாள்.

"கரண்ட் போயி வந்தா மிஷின் மட்டுந்தான் ஆன் ஆவும். நாலு மேசைக்கும் விவரம் குடுக்கற புரோகிராம், நான் போயி ஒரு வரி டைப் அடிச்சாத்தான் ஓடும்."

"பாப்பா உங்ககிட்ட பாதிப் பால் குடிக்கையில ப்யூன் உங்களக் கூப்புட ஓடி வருவாரே, அதுக்குத்தானுங்களா?"

"அதுக்குத்தான். இப்ப மிஷின் ஆன் ஆனதும் மொதல்ல படிக்கற ஃபைல்லயே அந்த வரிய எழுதி வெச்சுட்டேன்."

"சரியா ஓடுதுங்களா?"

"நேத்து நீ பாப்பாவ ஆபீசுக்குத் தூக்கிட்டு வந்தப்ப ரெண்டு தடவ கரண்ட் போச்சே. யாராச்சும் என்னைக் கூப்புட வந்தாங்களா?"

மேரி யோசித்தாள். குழந்தையின் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டாள்.

"அதனாலதானுங்களா அண்ணி, நேத்து பாப்பா குடிச்சுக்கிட்டே தூங்கிப்போச்சு?"