கீறலோடு வேணுமாம்

அஸ்வத்: ...கார்ல இருக்கற கீறலை நகத்தால நெருடிப் பாருங்கன்னு சொன்னேன்ப்பா. தூர நின்னு பாத்தா எப்படித் தெரியும்?

அப்பா: நெருடியாச்சுல. நகம் மாட்டல. மேலோட்டமாத்தான் கீறியிருக்கு. பாலிஷ் காம்பவுண்டு போட்டுத் தேய்ச்சா போயிரும்.

அஸ்வத்: சரி, அது?

அப்பா: எது?

அஸ்வத்: வேட்டியால மறைச்சிக்கிட்டு நிக்கிறீங்களே, அது.

அப்பா: நான் எங்கல மறைக்கேன்? சும்மால்லா நிக்கேன்...

அஸ்வத்: தள்ளுங்க. ...யப்பா! கதவு ஓரத்துல பெயிண்டே பேந்துபோயிருக்கு. தகரம் தெரியுது! இது எப்போ?

அப்பா: தி.நகர்ல வண்டி வச்சிருந்தா இதெல்லாம் வரும்ல. ஏதாவது மாடு வந்து கொம்பைச் சொறிஞ்சிருக்கும்.

அஸ்வத்: அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்டுக்குள்ள மாடா?

அப்பா: ...அப்போ பூனை.

அஸ்வத்: விளையாடாதீங்கப்பா. இதை வாங்கற கணேசமூர்த்தி பதினோரு மணிக்கு வண்டியை எடுத்துட்டுப் போக வர்றாரு. சாயங்காலம் நான் புது வண்டி எடுக்கணும். நமக்கு இருக்கறதே ஒரு பார்க்கிங். இது கிளம்பினாத்தான் அது உள்ள வரும்.

அப்பா: அவருதான் போன்லயே சொல்லிட்டாருல்லா. கீறல் இருந்தா இருக்கட்டும், ஒண்ணும் பண்ண வேண்டாம், அப்படியே போதும்னு.

அஸ்வத்: அதான் எனக்கு சந்தேகமே! பழைய வண்டி வாங்கறவன் எவனாவது கீறலோட வேணும்னு கேப்பானா? வந்து நின்னு ஒவ்வொண்ணா விரலை வெச்சுக் காட்டி விலையை இறக்கப் பாக்கறாரு.

அப்பா: சேச்சே. தங்கமான மனுசன்.

அஸ்வத்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்பா: நீ ஸ்பீக்கர்ல போட்டுல்லா பேசுன... குரல்லயே தெரியுதே.

அஸ்வத்: குரல்ல தங்கம் தெரியுதாக்கும். சரி, நான் ஓடிப்போய் டச்-அப் பெயிண்ட் வாங்கிட்டு வந்துடறேன். இருங்க, கதவு இடுக்குல ஸ்டிக்கர்ல கலர் நம்பர் இருக்கும், ஒரு போட்டோ...

அப்பா: எதுக்கு வெயில்ல அலையுத? இந்தா.

அஸ்வத்: ...என்னது இது?

அப்பா: பெயிண்ட்டு. இந்த நீலம்தான்.

அஸ்வத்: சட்டைப் பையிலயா வெச்சிக்கிட்டுத் திரியறீங்க?

அப்பா: நேத்து கடையை அடைச்சிட்டு வாரப்ப வாங்குனேன். நீ சங்கடப்படுதியேன்னு.

அஸ்வத்: நேத்து வாங்கின பாட்டில் எப்படிப்பா பாதி காலியா இருக்கு?

அப்பா: ...ஆவியாகிரும்ல. என்னா வெயிலு!

அஸ்வத்: மூடின பாட்டில்லயா? குடுங்க, முதல்ல பூசறேன்.

அப்பா: ஏல ஏல! பிரஷ்ஷை இழுக்காத! சுவத்துக்கு வெள்ளையா அடிக்க? இந்தா, பல்குத்தி. நுனியில ஒரு சொட்டு எடு. பேந்த குழிக்குள்ள மட்டும் விடு... ஆங். இது காயட்டும். பொறவு இன்னொரு சொட்டு. ஒரேயடியா ஊத்துனா மேடு கட்டிரும்.

அஸ்வத்: நீங்க நடத்தறது பாத்திரக்கடையா, பெயிண்ட் பட்டறையா?

அப்பா: யூடியூப்ல பாத்தேன்.

அஸ்வத்: வாட்ஸ்அப்ல ஒரு போட்டோவைத் திறக்கவே என்னைக் கூப்பிடுவீங்க!

அப்பா: ஊதாதல, தூசி ஒட்டும். பேச்சைக் குறை.

அஸ்வத்: ...அப்பா. பின்பக்க பம்பரைப் பாத்தீங்களா? வட்ட வட்டமா இருக்கு. இது கீறலே இல்ல. யாரோ போட்டுத் தேய்ச்சிருக்காங்க.

அப்பா: ஆயுத பூசைக்கு சந்தனம் வச்சம்லா? காஞ்சி ஒட்டிக்கிட்டு. உங்கம்மாதான் தேங்கா நாரு போட்டு...

அஸ்வத்: நாரா?

அப்பா: நாரும்... பித்தளை வெளக்குத பொடியும்.

அஸ்வத்: ஐயோ அம்மா!

அப்பா: கடையில காலமெல்லாம் அண்டா குண்டாவைப் பளபளன்னு வெளக்கி வச்ச கையில்லா. வண்டியும் பளபளக்கும்னு நெனச்சிட்டா, பாவம்.

அஸ்வத்: சந்தனத்தை முன்னாடி பானெட்லதானே வெச்சோம்? பின்னாடி பம்பர்ல எவன் வெச்சான்? இருங்க... இடுக்குல மஞ்சளா ஏதோ இருக்கு. இது சந்தனம் இல்ல, பெயிண்ட். தூணுக்கு அடிச்சிருக்கற மஞ்சள் பெயிண்ட்!

அப்பா: எந்தத் தூணு?

அஸ்வத்: நீங்க சாஞ்சி நிக்கறீங்களே, அதே தூண்தான். நகருங்க. ...அடப்பாவமே! என் வண்டியோட நீலம் பாதி இந்தத் தூண்லதான்ப்பா இருக்கு!

அப்பா: லேசாத்தான்ல தெரியுது...

அஸ்வத்: நான் ஆபீஸுக்கு மெட்ரோல போறேன். வாரம் பூரா வண்டி இங்கதான் நிக்குது. நிக்கற வண்டி தானா நடந்து போயா தூண்ல முட்டும்? இருங்க, வாட்ச்மேன் லாரன்ஸைக் கூப்பிடறேன். கேமராவைப் போட்டுப் பாத்துடலாம்.

அப்பா: கேமராவா! வேண்டாம்ல, அவனுக்கு ஒண்ணும் தெரியாது.

அஸ்வத்: அப்போ உங்களுக்குத் தெரியும்.

அப்பா: நான் அப்படிச் சொன்னேனா?

அஸ்வத்: அப்பா... நீங்களா ஓட்டினீங்க?

அப்பா: நானா! எனக்கு சைக்கிளுக்கே ஒரு ஆள் பின்னால பிடிக்கணும்ல.

அம்மா: ஏங்க! இன்னுமா அதைப் போட்டுத் தடவிட்டு இருக்கிய? வெள்ளிக்கிழமையே எல்லாக் கீறலுக்கும் பூசியாச்சு, காஞ்சாச்சுன்னு சொன்னிய!

அப்பா: பங்கஜம்... உன் மவன் இங்கதான் நிக்கான். வண்டிக்கு அந்தப் பக்கம்.

அம்மா: ...முருகா.

அஸ்வத்: வாம்மா. என்ன வெள்ளிக்கிழமை?

அம்மா: வெள்ளிக்கிழமை... கோயில்ல நல்ல கூட்டம். அதான் சொல்ல வந்தேன்.

அஸ்வத்: அம்மா...

அம்மா: என்னய்யா?

அஸ்வத்: நீயா?

அம்மா: முன்னால எல்லாம் நல்லாத்தான் போகுதேன்யா. பின்னால எடுக்கதுதான் கொஞ்சம் இழுக்கு. பாண்டி பஜார் போய்ட்டு வந்தாச்சு. அடையாறு பாலத்துல ஏறி இறங்கியாச்சு. இவுக பக்கத்துல உக்காந்து முருகா முருகான்னு சொல்லிட்டே வருவாக.

அப்பா: கண்ணை மூடிக்கிட்டு.

அஸ்வத்: லைசென்ஸ் இல்லாமயா?

அம்மா: யாரு சொன்னா? ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஹெச் போட்டு, முதல் தடவையே பாசு!

அஸ்வத்: ஹெச்ல ரிவர்ஸ் வருமேம்மா!

அம்மா: வந்துச்சு, எடுத்தேன். அங்க தூண் இல்லல்லா!

அஸ்வத்: ஏம்மா... ஹாஹா... எதுக்கும்மா இவ்ளோ திருட்டுத்தனம்?

அம்மா: ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைக்கு சரக்கு பாக்கப் போகணும்னா, ஆட்டோக்காரன் வருவானா மாட்டானான்னு ரோட்டுல நிக்கணும். ஆசையாவும் இருந்துச்சு. அவ்வளவுதான்.

அஸ்வத்: எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சே, இன்னைக்குப் போய் வண்டியை விக்கறேனே! இரும்மா, கணேசமூர்த்திக்கு போன் போட்டு வரவேண்டாம்னு சொல்லிடறேன்.

அப்பா: ஏல, வேண்டாம்!

அஸ்வத்: அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துட்டாப் போச்சு. புது வண்டியை நான் தெருவுல நிறுத்திக்கறேன். இது அம்மாவுக்கு. சும்மா வெச்சிக்கட்டும். எங்கம்மா ஓட்டறான்னா எனக்குத்தானே பெருமை!

அப்பா: நீயே சொல்லிரு பங்கஜம். எனக்கு வேர்த்து ஊத்துது.

அம்மா: போனை உள்ள வைல. கணேசமூர்த்தி என் டிரைவிங் மாஸ்டரு. எனக்காகத்தான் உங்கிட்ட விலை பேசுனாரு. வண்டியை வாங்குதது நான். ரெண்டாவது மாடி வாஜித் வீட்டு பார்க்கிங்கையும் வாடகைக்குப் பேசியாச்சு. போன தீவாளிக்கு, கார் ஓட்டக் கத்துக்கிடட்டுமான்னு உங்கிட்டதான் முதல்ல கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்ச. இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா ஸ்டீயரிங், கேப் புக் பண்ணித் தரேன்ன. எனக்கு மனசு விட்டுப்போச்சுய்யா. அதுக்குப் பொறவு உங்கிட்ட எதுவும் கேக்கத் தோணல. இப்ப நீ குடுக்கேன்னு சொன்னதுலயே எனக்கு வயிறு நெறஞ்சிட்டு. ஆனா ஓசியில வாங்கினா, ஒவ்வொரு கீறலுக்கும் என்னம்மா இது, எப்படிம்மா ஆச்சுன்னு வந்து நிப்ப. என் காசைப் போட்டு வாங்கினா நான் எங்க வேணும்னாலும் இடிப்பேன், எவனும் என்னைக் கேக்க முடியாது!