மத்தியான ஏசி

அருள்ராஜ்: ...இல்ல சிந்து, சும்மாதான் கேட்டேன். மத்தியானம் தூங்குனியா?

சிந்து: வேலை நேரத்துல போன் பண்ணி இதையா கேப்பீங்க? லேப்ல இன்னிக்கு வேலையே இல்லையா?

அருள்ராஜ்: இருக்கு... நடுவுல கொஞ்சம் நேரம் கிடைச்சது. நீ வீட்லதானே?

சிந்து: இந்த டெல்லி வெயில்ல கிட்வாய் நகரை விட்டு எங்க போவேன்? ஏசி போட்டுப் படுத்திருக்கேன்.

அருள்ராஜ்: தினமுமா?

சிந்து: தினமும்தான். ஏன்?

அருள்ராஜ்: ஒரு நாள்கூட முன்ன பின்ன இல்ல. ஒரே நேரத்துக்கு ஆன் ஆகுது, ஒரே நேரத்துக்கு ஆஃப் ஆகுது. மனுஷங்க அப்படிப் போட மாட்டாங்க.

சிந்து: அச்சா. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

அருள்ராஜ்: ...பொதுவாச் சொன்னேன்.

சிந்து: நம்ம வீட்டு ஏசியைப் பொதுவாச் சொன்னீங்களா?

அருள்ராஜ்: ஸ்மார்ட் மீட்டர்ல எல்லாம் பதிவாகும்மா. எந்த ஏரியாவுக்கு எப்போ எவ்வளவு கரண்ட் வேணும்னு முன்னாடியே சொல்லணும்னா, வீட்டுக்கு வீடு கணக்கு வேணும். அதானே என் ஆராய்ச்சி.

சிந்து: கணக்கு வேணும். ஆனா யார் வீடுன்னு தெரியக் கூடாது. பேரெல்லாம் அழிச்சிட்டுதான் பாப்போம்னு நீங்க சொன்னதை நம்பித்தான், பிளாக் முழுக்க ஏறி இறங்கி எல்லாரையும் சம்மதிக்க வெச்சேன்.

அருள்ராஜ்: அழிச்சாச்சு. நம்ம வீட்டை மட்டும்தான்...

சிந்து: நம்ம வீட்டை மட்டுமா? மாடி வீட்ல பகல் பூரா ஃபேன் ஓடுது, சாந்தகுமாரி அக்கா புருஷன் ஆபீஸ் போறதில்ல போலன்னு போன வாரம் சாப்பிடும்போது சொன்னீங்களே. அக்கா யார்கிட்டயும் சொல்லாத விஷயம் அது.

அருள்ராஜ்: பேச்சை மாத்தாத. நீ இப்போ எங்க இருக்க?

சிந்து: சொன்னேனே...

அருள்ராஜ்: பொய். நான் நம்ம பெட்ரூம்லதான் நிக்கிறேன். ஏசி ஓடுது, கட்டில்ல யாருமில்ல. யார்கூட இருக்க?

சிந்து: அப்போ நீங்களும் லேப்ல இல்ல.

அருள்ராஜ்: யார்கூட இருக்கன்னு கேட்டேன்.

சிந்து: ஏசிக்கு டைமர் வெச்சது நான்தான். நீங்க மீட்டர் கணக்கை எட்டிப் பாக்குறீங்களான்னு தெரிஞ்சுக்கணும்னு வெச்சேன். இப்போ உங்க லேப்ல, உங்க கைடு மேதா மேடம் ரூம்ல உக்காந்திருக்கேன். பக்கத்துல சாந்தகுமாரி அக்கா. போனை ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்... மேதா மேடத்துக்குத் தமிழ் நல்லாப் புரியுதுங்க.