பூ இல்லாத காசு

ஏலே, செல்போனைக் கீழ வைங்கல. நாளைக்குக் காசு சுண்டப் போறோம். எதுக்குச் சுண்டுறோம்னு ஒருத்தனுக்காவது தெரியுமா? கேளுங்க.

ராசா தலை போட்ட காசு ஓடின காலமாம். நம்ம இதே ஆவரந்துறையில, தெக்குத்தெருவுல இன்னாசியம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க பாட்டனைப் பெத்தவ. புருசனைக் கடல் கொண்டுபோச்சு. மிச்சம் மூணு ஆம்பளப் பிள்ளையும் ஒரு கரைவலையும். காலையில புட்டு விப்பாளாம்.

கரைவலைன்னா கரையில நின்னு இழுக்கிறது. கோயிலுக்கு நேரா உள்ள இடத்துலதான் மீனு விழும். அந்த இடம் வருசத்துக்கு ஒரு தெருவுக்கு. எந்தத் தெருவுக்குன்னு காசு சுண்டித்தான் முடிவு. வடக்குத்தெருவுக்குத் தலை, தெக்குத்தெருவுக்குப் பூ. அதுக்குன்னே ஊர்த்தலைவர் தொம்மை ஒரு காசைச் சிப்பிப் பெட்டியில பத்திரமா வச்சிருந்தாராம்.

சுண்டுவாராம். தலை விழுமாம். மறுவருசம் சுண்டுவாராம். தலை விழுமாம். "ஆண்டவர் சித்தம்"னு சிலுவை போட்டுக்கிட்டு எல்லாவனும் வீட்டுக்குப் போயிருவானுவளாம். எனக்கு இப்ப நெனச்சாலும் பத்திக்கிட்டு வருது. ஒருத்தன், ஒரே ஒருத்தன், குனிஞ்சு அந்தக் காசைத் திருப்பிப் பாத்திருக்கக் கூடாதா?

தெக்குத்தெரு வலையில மீனு இல்ல. மூத்தவன் கொழும்புக்குத் தோணி ஏறினான். நடுவுளவனும் ஏறினான். கடைக்குட்டி சவேரி சொன்னாராம், "ஆத்தா, இந்த வருசமும் தலை விழுந்தா நானும் போறேன்."

சுண்டுற நாள் வந்துச்சு. காலையில புட்டு வித்த சில்லறையை இன்னாசியம்மா கல்லு மேல கொட்டினாளாம். அதுல ஒரு காசு, ராசா தலை. திருப்பினா, ராசா தலை. மறுபடி திருப்பினா, அதே ராசா அதே மூக்கோட பாக்காராம். எவனோ ரெண்டு காசை ராவி ஒட்டிட்டான்னு நெனச்சு, விளிம்பை நகத்தால சுரண்டினாளாம். ஒட்டு இல்ல. கல்லுல போட்டா கணீர்ங்குது. நல்ல காசுதான். அடிச்ச இடத்துலயே தப்பா அடிச்சிருக்கானுவ! முந்தானையில முடிஞ்சுக்கிட்டுக் கடக்கரைக்குப் போனாளாம்.

அங்க தொம்மை பெட்டியைத் திறந்து வச்சுக்கிட்டு முழிக்காராம். "ஏட்டி, காசு எங்க?"

"புட்டுக்குச் சில்லறை இல்லன்னு காலையில அதைக் குடுத்துட்டேன். வேற காசு சுண்டுங்களேன்"னு அவரு பொஞ்சாதி சொன்னாளாம்.

இன்னாசியம்மாவுக்கு அப்பதான் உறைச்சுதாம். முந்தானையை அவுத்து நீட்டினாளாம். "தலைவரே, இதானே உங்க காசு? எங்க பூவைக் காட்டுங்க."

திருப்புதாரு, தலை. திருப்புதாரு, தலை.

"சர்க்கார் அடிச்ச காசும்மா. சர்க்கார் தப்புப் பண்ணுமா?"

"பண்ணியிருக்கே! என் ரெண்டு பிள்ளையும் எங்க?"

"சத்தியமா எனக்குத் தெரியாது தாயி. நான் என்ன செய்ய?"

அதான்ல கொடுமை. அவரு கள்ளன் இல்ல. கள்ளனா இருந்தா நாலு வார்த்தை வஞ்சு ஆறிக்கிடலாம். யாரை வைய?

வேற காசு சுண்டினாவளாம். பூ விழுந்துச்சு. சவேரி தோணி ஏறல. அவருதான் எங்க பாட்டன். மத்த ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் வரல. போன வருசங்களை யாரு திருப்பித் தருவா?

நம்ம கோயில் கொடிமரத்தடியில சிமெண்டுல ஒரு காசு பதிச்சிருக்கே, அது அந்தக் காசுதான். அன்னையிலருந்து, சுண்டுறதுக்கு முன்ன போன வருசம் தோத்த தெருப் பொம்பளை ஒருத்தி காசைக் கையில வாங்கித் திருப்பிப் பாத்து, "தலையும் இருக்கு, பூவும் இருக்கு"ன்னு ஊரறியச் சொல்லணும். அதான் வழக்கம்.

இப்பவும் சொல்லுதாவ. இப்ப ஊர்த்தலைவர் நான்தானே, காசை எடுத்துக் குடுக்கிறதும் நான்தான். போன வருசம் சொன்னவ கையில நான் காசு வைக்கல. என் படகு எஞ்சின்ல கழட்டின வாசரை வச்சேன். நடுவுல அம்புட்டுப் பெரிய ஓட்டை. திருப்பினா. "தலையும் இருக்கு, பூவும் இருக்கு"ன்னா. நீங்க எல்லாரும் கை தட்டுனீங்க.