பின் இருக்கைக்குக் கீழே

பிளேன்டீ வேண்டாம், சேர். பொலிஸுக்கு வரும் வழியில் கடையில் குடித்துவிட்டுத்தான் வந்தேன். நீங்கள் காரின் தரையைப் பற்றித்தானே முதலில் கேட்டீர்கள். அங்கிருந்தே சொல்கிறேன்.

பழைய காரின் தரை கண்ணுக்குத் தெரியாமல்தான் துருப்பிடித்து உக்கும். கதவு இடுக்கால் இறங்கும் மழைத்தண்ணீர் ரப்பர் விரிப்புக்கு அடியில் போய்த் தங்கிவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. விரிப்பைத் தூக்கினால் தகடு பிஸ்கட் மாதிரி விரலோடு பெயர்ந்து வரும். எங்கள் மொரிஸ் மைனரும் அப்படித்தான் இருந்தது. என் மனைவி ருக்கியா மௌத்தான பிறகு அதை நான் எடுக்கவே இல்லை. மடவளையில் என் கராஜின் பின்பக்கம் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது.

சப்னா எங்களுக்கு ஒரே பிள்ளை. கலியாணம் முடிந்து மாப்பிள்ளை நபீல் வேலைக்காக மெல்பேர்ன் போனபோது அவள் என்னோடுதான் இருந்தாள். அவளுக்கு விசா கிடைக்காது என்றே நான் நினைத்திருந்தேன். கிடைத்தது. கராஜுக்கு வந்துதான் சொன்னாள்.

“வாப்பா, விசா வந்திட்டு.”

நான் என்ன முகம் காட்டினேனோ தெரியாது. உடனே என் பக்கத்தில் வந்து நின்றாள். “உம்மாட கார நீங்க செஞ்சு முடிங்க. அதுலதான் நான் எயார்போட்டுக்குப் போவேன். அது முடியுற வரைக்கும் டிக்கட் போடமாட்டேன்” என்றாள்.

இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், சேர். போக வேண்டாம் என்று நான் அவளிடம் ஒரு தடவையும் சொல்லவில்லை. பிள்ளையைக் கட்டிப்போடுகிற தகப்பன் இல்லை நான்.

அன்றே வேலையைத் தொடங்கினேன். இருக்கைகளைக் கழற்றி, உக்கிய தகட்டை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்தேன். அட்டையில் அளவு வெட்டி, அதன்படி புதுத் தகட்டை வளைத்து, வெல்டிங் செய்தேன். பகல் சாப்பாடு கொண்டுவரும்போது சப்னா தரையைத் தட்டிப் பார்ப்பாள். நல்ல வேலை என்றால் கிண்ணென்று ஒரே சத்தம் வரும். அந்தச் சத்தத்தை அவள் சின்ன வயதிலேயே என்னிடம் பழகியிருந்தாள்.

சாரதி பக்கத்துத் தகடு முடிந்த அன்று அவள் கைதட்டினாள். மறுநாள் காலையில் அதை நான் வெட்டி எடுத்துவிட்டேன். வெல்டிங் சரியாகப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். நம்பினாள். திரும்பப் பொருத்தினேன், திரும்பவும் வெட்டினேன். அதன்பிறகு உக்கல் இல்லாத இடங்களையும் வெட்டத் தொடங்கினேன். என் கார், என் தகடு. அதில் யாருக்கும் நட்டமில்லை.

வீட்டில் அவள் எனக்குச் சமையல் பழக்கிக்கொண்டிருந்தாள். அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், மிளகாய்த்தூள் எந்த டின்னில், என்று நிற்கவைத்துச் சொல்லித் தருவாள். நான் நாளும் பிழையாகவே செய்தேன். சோறு குழைந்தால் அவள் சிரிப்பாள். “நீங்க என்ன செய்யப் போறீங்களோ வாப்பா” என்பாள். அப்படி அவள் கவலைப்படும் நாட்களில் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. ஆனால் ருக்கியாவின் தங்கை, என் மச்சி பாயிஸாவிடம் பேசி, எனக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கும் சப்னா ஏற்பாடு செய்துவிட்டாள். இனி கவலைப்பட அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு ஒருநாள் வந்து, காரின் வெறுந்தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

“டிக்கட் போட்டுட்டேன் வாப்பா. அவரும் எவ்வளவு நாள் தனிய ஈக்கிற? கார் முடியாட்டியும் பரவால்ல. வேன் ஒண்டு புடிச்சிப் போறேன்.”

“வேன் என்னத்துக்கு? முடிஞ்சிரும் மகள்” என்றேன்.

முடித்தேன். பின் இருக்கைக்குக் கீழே மட்டும் ஒரு வேலை மிச்சமிருந்தது. அந்த இடத்தில் உக்கல் இல்லை, சேர். உங்கள் ஆட்கள் அதை உக்கிய ஓட்டை என்று எழுதியிருக்கிறார்கள். அது நான் வெட்டியது. அதற்கு நேர் கீழேதான் எஞ்சின் புகை போகும் சைலன்சர் குழாயின் பொருத்து வருகிறது. அதையும் கொஞ்சம் தளர்த்திவிட்டு, மேலே விரிப்பைப் போட்டேன்.

கண்மூடித்தனமாகச் செய்யவில்லை. எஞ்சினைப் போட்டு, கண்ணாடிகளை ஏற்றி, பின்னால் நானே உட்கார்ந்து பார்த்தேன். தலை பாரமாகி, வயிற்றைப் புரட்டியது. வெளியே வந்து வாந்தி எடுத்த பிறகு சரியாகிவிட்டது. ஆபத்து இல்லை என்று திருப்தியானேன். அவளுக்கும் அப்படித்தான் வரும், பாதி வழியில் திரும்பி வருவோம், விமானம் போய்விடும். அவ்வளவுதான் என் கணக்கு.

புறப்படும்போது மழை பிடித்துக்கொண்டது. கழற்றிய முன் இருக்கை ஒன்றை நான் திரும்பப் பூட்டவில்லை, ஆணி கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தேன். அதனால் அவள் பின்னால் உட்கார்ந்தாள். கட்டுகஸ்தோட்டையில் நான் கண்டிப் பக்கம் திருப்பியதும் முன்னால் சாய்ந்தாள்.

“ஏன் வாப்பா இந்தப் பக்கம்? குருநாகல் பாதையால போனாக் கிட்டத்தானே?”

“அங்கால பாதை சரியில்லயாம்” என்றேன்.

கண்டிக்குள் வாகனங்கள் நகரவில்லை. வாவிக் கரையில் நின்று நின்று போனோம். என் பக்கத்துச் சின்ன முக்கோணக் கண்ணாடியை மட்டும் திறந்து வைத்திருந்தேன். பேராதனைப் பாலம் தாண்டும்போது சொன்னாள்:

“தல பாரமா ஈக்கிது. கண்ணாடியக் கொஞ்சம் எறக்கவா?”

“மழ அடிக்கும் மகள். புது உடுப்பு நனஞ்சிரும். ஏலாட்டி சொல்லுங்க, திரும்பிப் போவோம்.”

“வேணாம் வாப்பா. அவர் பாத்துக்கொண்டு ஈப்பார். நான் கொஞ்சம் தூங்குறேன். எயார்போட் வந்தா எழுப்புங்க.”

பிலிமத்தலாவையில் இன்னொரு தடவை கேட்டேன், திரும்புவோமா என்று. ‘ம்ஹூம்’ என்று மட்டும் சத்தம் வந்தது. நான் வற்புறுத்தவில்லை. முடிவு அவளுடையது. ‘திரும்புவோம்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே திருப்பியிருப்பேன். அதற்காகத்தான் ஓட்டிக்கொண்டே இருந்தேன், கடுகண்ணாவை வரைக்கும்.

நபீல் ஜனாஸா அடக்கத்துக்கு வந்தான். நல்ல பிள்ளை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் கூப்பிடாம ஈந்திருந்தா அவ ஈந்திருப்பா, மாமா” என்று அழுதான். நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவன் சொன்னதை மறுக்கவில்லை. அதில் உண்மை இல்லாமல் இல்லை.

வீட்டு வாசலில் எழுப்பும்போதுதான் அவள் மௌத்தானது எனக்குத் தெரியவந்தது என்று அன்று உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. கடுகண்ணாவையில் ஓரங்கட்டிப் பின்கதவைத் திறந்து பார்த்தேன். ஓடி விளையாடிவிட்டு வந்த பிள்ளை மாதிரி கன்னம் சிவந்திருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கண் திறக்கவில்லை. மூச்சு இருந்தது. தலைக்குக் கீழே அவளுடைய கைப்பையை மடித்து வைத்துவிட்டுக் காரைத் திருப்பினேன்.

பேராதனையில் ஆஸ்பத்திரி பாதையிலிருந்து அதிக தூரமில்லை. சந்தி நெரிசலில் கொஞ்சநேரம் நிற்க வேண்டியிருந்தது. கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். தொண்டைக்குழி அசைந்தது. அங்கே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டொக்டர் சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள். எனக்கு அது அப்போதே தெரியும், சேர். பிழைத்திருந்தால் அடுத்த விமானத்தில் போயிருப்பாள்.

நான் அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.