பல் டாக்டரின் பச்சைக் கார்

— நல்லா சாஞ்சு நில்லு, நக்லே. கார் உன்னோடதுன்னு ஊர் நம்பணும். நீ என்னடான்னா டிராம் கண்டக்டர் புத்தியில கைப்பிடியைத் தேடுற.

— பத்து வருஷமா ஆடிக்கிட்டே நின்ன கால், கராபெத் மாஸ்டர். ஆடாத தரை ஒத்துக்க மாட்டேங்குது. டாக்டர் இறங்கி வந்துட்டா?

— மாடியில பல் பிடுங்குறார். அலறல் கேட்கிற வரைக்கும் பயமில்ல.

— இத்தனை பெரிய பெய்ரூத்துல வேற காரே இல்லையா?

— இருக்கு. எல்லாம் ஓடிட்டே இருக்கு. இவர் வாங்கின நாள்லேர்ந்து துடைக்கிறாரே தவிர ஓட்டுறதில்ல. இந்தக் கோடையில மட்டும் பதினோரு மாப்பிள்ளைங்க இதுல சாஞ்சு படம் எடுத்துக்கிட்டாங்க. நீ பன்னிரண்டாவது.

— பொண்ணு வீட்டுல கண்டுபிடிச்சுட மாட்டாங்களா?

— அதுக்குத்தான் நம்பரை மறைக்கிறது. ஒரு காலை பம்பர் மேல வை. கோட்டைக் கழட்டி முட்டியில போடு. போன மாசம் ஒரு மாமனார் நம்பரை வச்சுத் தேடி வந்து, மாப்பிள்ளைன்னு டாக்டரைக் கட்டிப்பிடிச்சு ரெண்டு கன்னத்துலயும் முத்தம் கொடுத்துட்டார். டாக்டர் சம்சாரம் மேலேர்ந்து பார்த்துட்டு இருந்தாங்க.

— சிரிக்காதீங்க மாஸ்டர். பொண்ணு வெதாத் ஸஹ்லே ஊர்க்காரி, அவ அப்பாகிட்ட கார் இருக்கு. என்ன வேலைன்னு கடிதத்துல கேட்டிருந்தா. போக்குவரத்துன்னு மட்டும் எழுதியிருக்கேன்.

— பொய் இல்லையே. போறதும் வரதும்தானே உன் வேலை.

— டிராம்காரன்னு தெரிஞ்சா வேண்டாம்னுடுவா. மூணு மாசமா அவ படத்தைத் தொப்பிக்குள்ள வச்சுக்கிட்டுத்தான் டிக்கெட் கிழிக்கிறேன்.

— அந்தத் தொப்பியைக் கொடு, படத்துல வந்துடப்போகுது. எங்க, பொண்ணைப் பார்ப்போம்… ம்.

— பக்கத்துல நிக்கிறது அவங்க அப்பா கார். வீட்டு வாசல்ல எடுத்ததாம், பின்னால எழுதியிருக்கா. என்ன நிறம்னுதான் தெரியல.

— பச்சை.

— கறுப்பு வெள்ளைப் படத்துல பச்சையா?

— நம்பர் மேல கைப்பை தொங்குது பாரு. அங்க பிடிக்கச் சொன்னதே நான்தான். பன்னிரண்டுன்னு சொன்னது மாப்பிள்ளைங்களை மட்டும். பொண்ணுங்களைச் சேர்க்கல.

— அப்போ அவளும் இதே கார்ல சாஞ்சுதான் படம் எடுத்துக்கிட்டாளா?

— ஆமாப்பா, இதே கார்தான். மேல அலறல் நின்னுடுச்சு. படம் வேணுமா, வேண்டாமா?

— வேணும் மாஸ்டர். கோட்டை எடுத்துட்டேன், நம்பர் நல்லாத் தெரியட்டும். அந்தத் தொப்பியை இப்படிக் கொடுங்க, தலையில வச்சுக்கறேன்.