கொல்லைப்பக்கக் கதவு

சுவர் டைல்ஸை ஒட்டுவதற்கு முன்னால் தண்ணீரில் நன்றாக ஊறப்போட வேண்டும். ஊறாத டைல்ஸ் சிமெண்டில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், கொஞ்ச நாளில் கழன்று விழும். எங்கள் ஊர்க் கொத்தனார்களிலேயே பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. எங்கள் பாத்ரூமில் இன்றுவரை ஒன்றுகூடக் கழலவில்லை. ஒட்டியது நான்.

என் பெயர் சிவசங்கரி. ப்ளஸ் டூ முடித்திருக்கிறேன். வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவும் அப்பாவும் தூங்கிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிவதற்குள் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது. என் அண்ணன் ராஜ்மோகன் ஜெயிலில் இருக்கிறான். அண்ணியை அவன் கொல்லவில்லை. அவனுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பாத்ரூமிலிருந்து ஆரம்பித்தால்தான் புரியும்.

எங்கள் வீடு விருத்தாசலத்தில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிறது. அப்பாவுக்குப் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. அம்மா அங்கிருந்து ஃபியூஸ் கட்டைகளை மூட்டையாக வாங்கிவந்து, பித்தளைத் தகடு வைத்து ஸ்குரு முடுக்கிக் கொடுப்பாள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இந்த வேலைதான். குளிப்பதற்குக் கொல்லையில் தகரத்தை நிறுத்தி ஒரு மறைப்பு இருந்தது. மேலே ஒன்றும் இல்லை. பின்வீட்டுக்காரர்கள் மாடி எடுத்த பிறகு நான் அதற்குள் நைட்டியோடுதான் குளித்தேன். தலையை நிமிர்த்த மாட்டேன். நிமிர்ந்தால் மாடியில் யாராவது நிற்பார்கள்.

அப்பாவிடம் ஒரு பாத்ரூம் கட்டலாம் என்று கேட்டேன்.

"கொத்தனாரு கூலிக்கு நான் எங்க போறது பாப்பா?"

"கொத்தனாரு வேணாம்பா. நானே கட்டுறேன்."

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "கட்டட்டும்பா. செவுரு மேல வுழுந்தா இவளுக்கு அதுவே சமாதியாயிடும், செலவு மிச்சம்" என்றான். அம்மாகூடச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். இடித்த வீட்டுச் செங்கல் ஓசியில் கிடைத்தது. ஒட்டியிருந்த பழைய காரையை ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். தரைக்கு அடியில் ஜல்லி போட வசதியில்லை. கம்பெனி பின்பக்கம் உடைந்த பீங்கான் மலை மாதிரிக் கொட்டிக் கிடக்கும், எங்கள் ஊரில் பள்ளம் தூர்க்க எல்லோரும் அதைத்தான் அள்ளுவார்கள். சைக்கிளில் கட்டிக்கட்டி எடுத்துவந்தேன். கல்யாண மண்டபம் ஒன்றில் மிஞ்சிய டைல்ஸ் பெட்டிகளை அப்பா கேட்டு வாங்கி வந்தார். ஒரு பெட்டி நீலம் மாதிரி இன்னொரு பெட்டி இல்லை. அடியில் கருநீலம், மேலே போகப்போக வெளிர்நீலம் என்று வைத்தேன். வேண்டுமென்றே செய்த டிசைன் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

வயரிங்கும் நான்தான். அதில் எனக்குப் பயமில்லை. ஃபியூஸ் கட்டைகளோடு வளர்ந்தவள். தெருவில் யார் வீட்டில் கரண்ட் போனாலும் "பாப்பாவ வரச்சொல்லு" என்பார்கள். எர்த்துக்குக் கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டி, குழாயை இறக்கி, கரியும் உப்பும் கொட்டி, அதிலிருந்து பச்சை வயர் இழுத்தேன். "சாமி கும்புடப் போறியா, எதுக்கு இவ்ளோ பெரிய குழி?" என்றார் அப்பா. கரண்ட் எங்கேயாவது கசிந்தால் அந்தப் பச்சை வயர் வழியாக மண்ணுக்குள் போய்விடும், உடனே ஃபியூஸ் போய்விடும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்று விளக்கினேன். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கொல்லைப் பக்கம் பிளாஸ்டிக் கதவு. உள்ளே தாழ்ப்பாள். முதல் நாள் தாழ்ப்பாள் போட்டுவிட்டு நிமிர்ந்து மேலே பார்த்துக்கொண்டே குளித்தேன். சிமெண்ட் ஷீட்தான் தெரிந்தது. வெகுநேரம் அதையே பார்த்தேன்.

அதற்கப்புறம் அண்ணனுக்குக் கல்யாணம் கூடிவந்தது. அவன் வேப்பூரில் ஹைவே ஓட்டலில் ராத்திரி ஷிஃப்ட் கல்லாவில் உட்காருகிறான். பெண் ஸ்ரீமுஷ்ணம், பெயர் பானுமதி. வீடு பார்க்க வந்தபோது அவளுடைய அண்ணன் அன்புச்செல்வன் கேட்டார்:

"தங்கச்சி ரூம்போட பாத்ரூம் இருக்குற வூட்டுல வளந்துச்சு. இங்க அட்டாச்டு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க" என்றான் அண்ணன். "நானே கட்டினது. டைல்ஸு, வயரிங்கு மொதக்கொண்டு எல்லாம் என் கையாலதான். வேலைக்கு ஆளே வெக்கல."

"பரவால்லயே மாப்ள. கல்லாவுல ஒக்கார்ற கையின்னு நெனச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் டீ டம்ளர்களை நீட்டிக்கொண்டிருந்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. அவர்கள் போன பிறகு, அண்ணன் ஏன் அப்படிச் சொன்னான் என்று கேட்டேன். "பொம்பளப் புள்ள கட்டுச்சுன்னு சொன்னா, வூட்டு ஆம்பளைங்க என்னா பண்ணிக்கிட்டு இருந்தாங்கன்னு கேப்பாங்க" என்றாள் அம்மா. அதுவும் சரிதான்.

ஆனால் பாத்ரூமின் வாசல் கொல்லையைப் பார்த்து இருந்தது. இருக்குது என்று சொல்லிவிட்டானே. அதனால் அண்ணன் ரூமிலிருந்து சுவரை உடைத்து வாசல் வைத்து, கொல்லைப்பக்கக் கதவை அடைத்துவிடுவது என்று முடிவாயிற்று. யார் அடைப்பது? கொத்தனார் கூலிக்கு எங்கே போவது? "பாப்பா பாத்துக்கும்" என்றார் அப்பா.

பாப்பா பார்த்துக்கொண்டது. கதவைக் கழற்றினேன். செங்கல் வைத்து அடைத்தேன். உள்பக்கம் மிஞ்சியிருந்த வெளிர்நீல டைல்ஸை ஊறவைத்து ஒட்டினேன். அங்கே ஒரு வாசல் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு குளிப்பதற்குக் கொல்லையில் தகரத்தைத் திரும்ப நிறுத்தினேன்.

அண்ணியைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. "நீயும் இங்கயே வந்து குளி பாப்பா. கதவத் தட்டுனா தொறக்கப்போறேன்" என்றுதான் சொன்னாள். ஆனால் அண்ணன் விடியற்காலையில் வந்து பகலெல்லாம் தூங்குகிறவன். ரூம் கதவைத் தட்டினால் "ஏய், மனுசன் தூங்க வாணாமா?" என்பான். ரெண்டு தடவை தட்டினேன். மூன்றாவது தடவை போகவில்லை. அண்ணி நல்லவளாக இல்லாமல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டியாவது தீர்த்திருப்பேன்.

அவளுக்காக அண்ணன் காயலான் கடையில் ஒரு கீசர் வாங்கிவந்தான். பழைய லாட்ஜில் கழற்றியது. மாட்டியதும் நான்தான். அத்தோடு, கரண்ட் கசிந்தால் தானே லைனை நிறுத்திவிடுகிற ட்ரிப்பர் ஒன்றும் வாங்கிப் போடலாம் என்றேன். "அதெல்லாம் பணக்காரன் வூட்டுக்கு" என்றான். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. அப்புறம் கீசர் போட்டாலே ஃபியூஸ் போக ஆரம்பித்தது. கட்டக் கட்டப் போனது.

"ஒரு ஃபியூஸு நிக்க மாட்டேங்குது. இவதான் தெருவுக்கே இன்ஜினியராம்" என்றான் அண்ணன்.

கீசருக்குள்ளே தண்ணீரைச் சுடவைக்கிற கம்பிச்சுருள் கெட்டு, கரண்ட் கசிகிறது என்று சொன்னேன். வேறு வாங்க வேண்டும் என்றேன். "பக்கத்து வூட்டுலயும் இப்டித்தான் போய்க்கினு இருந்துச்சு. அந்த பச்ச வயர எடுத்து வுட்டாங்க, நின்னுபோச்சு. நீயும் எடுத்து வுடு" என்றார் அப்பா. எங்கள் தெருவில் நிறையப் பேர் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஃபியூஸ் செய்கிற ஊரில் ஃபியூஸ் போனால் ஃபியூஸ் மேல்தான் கோபப்படுவார்கள். நான் மாட்டேன் என்றேன். அதை எடுத்தால் ஃபியூஸ் போகாது, கரண்ட் தண்ணீரில் நிற்கும் என்றேன். "எல்லாம் தெரிஞ்சவ" என்று சொல்லிவிட்டு அப்பா வேலைக்குப் போய்விட்டார். கீசர் போடாமலேயே நாட்கள் போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தகரத்துக்குள் தலைக்குச் சீயக்காய் போட்டிருந்தேன். மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. மாடியில் பையன்கள். ஒருவன் கையில் போன். சீயக்காய் கண்ணில் வழிய, ஈர நைட்டியோடு வீட்டுக்குள் ஓடி ரூம் கதவைத் தட்டினேன். அண்ணன் சந்தைக்குப் போயிருந்தான். உள்ளே பாத்ரூமில் தண்ணீர் விழுகிற சத்தம். "அண்ணி" என்றேன்.

"தோ ரெண்டு நிமிசம் பாப்பா" என்று குரல் வந்தது.

நான் கூடத்திலேயே நின்றேன். தலையிலிருந்து சொட்டிச்சொட்டிக் காலடியில் குட்டையாகத் தேங்கியது. அவள் ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். அந்த டைல்ஸில் பட்டுக் குரல் அழகாகத் திரும்பும், எனக்குத் தெரியும். சீயக்காய் காய்ந்து தலையில் வறட்டியாகிவிட்டது. கதவைத் திறந்து துண்டு சுற்றிய தலையோடு வந்தாள். "அடடா, இப்டியேவா நிக்குற? அவசரம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள்.

அன்று சாயங்காலம் பச்சை வயரைக் கழற்றினேன். அப்பா சொன்னதைத்தான் செய்தேன். புது ஃபியூஸ் கட்டி கீசரைப் போட்டேன். ஃபியூஸ் போகாமல் நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம். "இத அன்னைக்கே செஞ்சிருந்தா என்னா?" என்றார் அப்பா. அண்ணன்கூட, "கெட்டிக்காரிதான்" என்றான். பாத்ரூம் கட்டியதற்கு அவன் அப்படிச் சொன்னதில்லை.

கீசர் ஓடும்போதே டெஸ்டரைக் குழாயில் வைத்துக் கரண்ட் வருகிறதா என்று பார்த்தேன். எரிந்தது.

அவளை நான் எச்சரிக்கவே இல்லை என்று நீங்கள் நினைக்கக் கூடாது. கீசர் மாட்டின அன்றைக்கே சொல்லியிருந்தேன்: "ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டுத்தான் உள்ள போவணும் அண்ணி. மறந்துராதீங்க." ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளியே, ரூமில் இருக்கிறது. அண்ணி நான் சொன்னதை அப்படியே கேட்கிறவள். தண்ணீர் சுட்டதும் ஆஃப் பண்ணிவிட்டுத்தான் உள்ளே போவாள். அதனால் பச்சை வயர் இல்லாமலேயே பல நாள் ஒன்றும் ஆகவில்லை. தினமும் குளித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள். இருமல் பிடித்திருந்தது. பாதிக் குளியலில் தண்ணீர் ஆறிவிடுகிறது என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஃபியூஸ் கட்டைக்கு ஸ்குரு முடுக்கிக்கொண்டிருந்தேன்.

அன்று அவள் துண்டை எடுத்துக்கொண்டு போகும்போது கூப்பிட்டேன்.

"அண்ணி, இப்பத்தான் சரி பண்ணியாச்சே. இனிமே ஆஃப் பண்ண வேணாம். போட்டுட்டே குளிங்க, ஆறாது."

"நெசமாவா? நல்லவேள சொன்ன பாப்பா."

அவ்வளவுதான். வேறு எதுவும் நான் செய்யவில்லை. ஸ்விட்சைப் போட்டது அவள். குழாயைத் திறந்தது அவள். நான் கூடத்தில் உட்கார்ந்து, முணுமுணுக்கிற சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

விழுந்த சத்தம் கேட்டு, ரூமில் தூங்கிக்கொண்டிருந்த அண்ணன்தான் எழுந்து பாத்ரூம் கதவை உடைத்தான். நான் ஓடிப்போய் ஸ்விட்சை ஆஃப் பண்ணினேன். அவனுக்கும் அடித்துவிடக் கூடாதே.

கல்யாணமாகி வருஷம்கூட ஆகவில்லை என்பதால் விசாரணை வந்தது. கொஞ்ச நாள் முன்னால் வாஷிங் மெஷின் கேட்டு அண்ணன் அவளிடம் சண்டை போட்டது தெருவுக்கே தெரியும். பழைய கீசர் வாங்கியது அவன். கழற்றிவிட்ட பச்சை வயர் தொங்கிக்கொண்டிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அன்புச்செல்வன் போலீஸிடம், "அவரு வாயாலயே சொன்னாருங்க, வயரிங்கு மொதக்கொண்டு என் கையாலதான்னு. ஆளே வெக்கலன்னாரு" என்று சொன்னார். அண்ணன் அழுதுகொண்டே, "நான் ஒண்ணும் பண்ணல சார், அதெல்லாம் பாப்பாதான் பண்ணுச்சு" என்றான். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் அம்மா தோளில் சாய்ந்திருந்தேன். "பொண்டாட்டியக் கொன்னுட்டு ஸ்கூலு புள்ள மேல பழி போடுறியா?" என்று அவனை வண்டியில் ஏற்றினார்.

அப்போது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் வேலையைத் தன் வேலை என்று சொன்னவன் அதை முழுசாக வைத்துக்கொள்ளட்டும் என்று இருந்தது. ஜாமீன் கிடைக்காத அன்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்போதும் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டினேன். அண்ணன் ரூம் இப்போது காலியாக இருக்கிறது. கீசரைப் போலீஸ் எடுத்துப் போய்விட்டது. வயரைப் பிரித்துவிட்டார்கள், குழாயில் ஒரு ஆபத்தும் இல்லை. தகரத்துக்குள் போவதை நான் விட்டுவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

நேற்று சாயங்காலம் அப்பா ஒரு கடப்பாரையும் சம்மட்டியும் வாங்கிக்கொண்டு வந்தார்.

"ஒரு உசுர வாங்கிச்சு, ஒரு புள்ளைய உள்ள வெச்சிருச்சு. அந்த எழவு பாத்ரூமு இனிமே இந்த வூட்டுல இருக்கக் கூடாது. காலைல இடிச்சுத் தூர்த்துடப் போறேன்" என்றார். அம்மா தலையாட்டினாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அப்போது போனதுதான் என் தூக்கம்.

அதனால்தான் முடிவு பண்ணிவிட்டேன். விடிந்ததும், அப்பா கடப்பாரையைத் தொடுவதற்கு முன்னால், எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். பச்சை வயரை நான்தான் எடுத்தேன், டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்தேன், அண்ணி செத்துப்போவாள் என்று தெரிந்துதான் ஆஃப் பண்ண வேண்டாம் என்றேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுவேன். என்னை எங்கே கூட்டிப்போனாலும் பரவாயில்லை. வண்டியில் ஏறுவதற்கு முன்னால் அப்பாவிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வேன்.

"இடிக்காதீங்கப்பா. எல்லாம் நான் பண்ணதுதான். அதுல ஒரு கொறையும் இல்ல."